மிஸ்ஸி, இன்னைக்கு என்ன நிறம்?

என் தங்கை மகள் சுகுணாவும் என்னைப்போல ஆஸ்பத்திரித் தாதிதான். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது கைப்பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்துக் காட்டினாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால், அதில் சர்க்கரை எவ்வளவு என்று அதுவே வாய் திறந்து சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல்.

"கண் தெரியாத இனிப்புநீர் நோயாளிக்கு இது பெரிய உதவி பெரியம்மா. நாங்க பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்" என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். நல்ல பொருள். குறை சொல்ல ஒன்றுமில்லை. "அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். அவள் போன பிறகு நாகம்மாக்கா ஞாபகமாகவே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

மலாயாவில், அலோர் ஸ்டாரில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். எனக்கு வயது பதினெட்டு. லூனாஸ் பக்கம் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் அப்பா சைக்கிளில் வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். கட்டில் விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது, புண் கழுவுவது, ஊசி போடுவது. நான் கற்றது அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்று சேதி வந்தது. அப்பாவே கொண்டுபோய் விட்டார்.

பன்னிரண்டு கட்டில் கொண்ட ஆஸ்பத்திரி அது. பலகைச் சுவர், தகரக் கூரை. ஒரே கூடத்தில் குறுக்கே ஒரு சாக்குத் திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். வெள்ளைக்கார டாக்டர் சண்டை தொடங்கியதுமே போய்விட்டார். அவருக்கு உதவியாளாக இருந்த டிரெசர் சிவலிங்கம் ஐயாதான் இப்போது டாக்டர், மருந்து கலக்குபவர், எல்லாம். யாழ்ப்பாணத்துக்காரர். வண்ணான் நின்றுபோன பிறகும் தன் வெள்ளைக் காற்சட்டையைத் தானே துவைத்து, சிரட்டைக்கரிப் பெட்டி போட்டுத் தேய்த்து உடுத்துவார். குரலை உயர்த்த மாட்டார். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் சனங்களைத் தோட்டத்தில் யாரும் 'நீங்கள்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் கூப்பிடுவார்.

முதல் நாளே அவரிடம் மாட்டிக்கொண்டேன். ஜன்னலோரக் கட்டிலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இந்தாங்கக்கா கஞ்சி, இங்க வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவள் கையை நீட்டித் துழாவினாள். கிண்ணம் கவிழ்ந்தது. அரிசி கண்ணில் படாத காலம். தரையில் ஓடிய கஞ்சியைக் கூடமே பார்த்தது. அந்தப் பெண் மட்டும் பார்க்கவில்லை. இனிப்புநீர் அவள் பார்வையை முழுதாகக் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

டிரெசர் ஐயா வந்தார். திட்டவில்லை.

"பிள்ளை, 'இங்க' எண்டா எங்க?"

நான் கையைக் காட்டினேன்.

"எனக்குத் தெரியுது. அவவுக்கு?"

அந்தக் கட்டில் பக்கம் நான் சொல்லக்கூடாத வார்த்தைகள் என்று மூன்றைச் சொன்னார்: இங்கே, அங்கே, இப்படி. அப்புறம் செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொல்லிக்கொடுத்தார். கட்டிலுக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றே பெயரைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று சொல்ல வேண்டும். கையில் இருப்பது என்ன, சூடா குளிரா என்று சொல்ல வேண்டும். உடம்பில் எந்த இடத்தைத் தொடப் போகிறாய் என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகே தொட வேண்டும். வேலை முடிந்ததும் என்ன செய்தாய் என்று சொல்ல வேண்டும். போகும்போது போகிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் நகர்ந்துவிட்டால் அந்த மனுஷி வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பாள். பார்க்கிறவன் சிரிப்பான்.

இதையெல்லாம் அவர் செய்தும் காட்டினார். "நாகம்மா, நான் சிவலிங்கம். உங்கட வலது கைப் பக்கம் நிற்கிறன். கையில கஞ்சி, வெதுவெதுப்பா இருக்கு. கிண்ணத்தை உங்கட ரெண்டு உள்ளங்கையிலும் வைக்கிறன்." தன் பங்குக் கஞ்சியைத்தான் கொடுத்தார் என்பது பிறகு தெரிந்தது.

நாகம்மாக்கா சாதுவான நோயாளி அல்ல. தோட்டத்து ரப்பர் கூடத்தில் பதினைந்து வருஷம் தாள் பிரித்தவள். புகை போட்டுக் காய்ந்த ரப்பர் தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிறத்தை வைத்து ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் என்று எறிய வேண்டும். அவள் எறிந்த தாளைத் துரையே மறுபடி எடுத்துப் பார்க்க மாட்டாராம். அப்படிப்பட்ட கண்தான் போய்விட்டது. பிள்ளை இல்லை. புருஷனை ஜப்பான்காரன் வேலைக்கென்று பிடித்துக்கொண்டு போயிருந்தான்; சயாம் ரயில் பாதைக்கு என்று பிறகு தெரிந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாக விட முடியாமல்தான் டிரெசர் ஐயா கட்டில் கொடுத்திருந்தார்.

காலையில் என் முதல் வேலை அவளுடைய சிறுநீரைச் சோதிப்பது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து கொஞ்சம், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. கொதித்ததும் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூட, செங்கல் நிறம் என்றால் ஆபத்து. தாதியைத் தோட்டத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ்ஸி, இன்னைக்கு என்ன நிறம்?"

"மஞ்சள்க்கா."

"மஞ்சள்னா? எலுமிச்சம்பழமா, பழுத்த பலாச்சுளையா, மஞ்சக்கிழங்கா? வாத்தியார் மக, மஞ்சள்ங்கிறதோட நிறுத்திக்கிற."

அவள் தொல்லை தாங்காமல் நான் நிறங்களை உற்றுப் பார்க்கப் பழகினேன். ஒரு மாதத்துக்குள் எங்களுக்கென்று ஒரு கணக்கே உண்டாகிவிட்டது. பசலைக்கீரைப் பச்சை, வாழைக்குருத்துப் பச்சை, பலாச்சுளை, கருப்பட்டி. கருப்பட்டி, அதாவது செங்கல் நிறம், என்றால் அன்றைக்கு மரவள்ளிக் கிழங்கை அவளே ஒதுக்கிவிட்டு முருங்கைக்கீரை மட்டும் கேட்பாள். என் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் அவள் அன்றைய சாப்பாட்டை முடிவு செய்தாள். பதினெட்டு வயதில் அந்தப் பொறுப்பின் கனம் எனக்கு முழுதாகப் புரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் விட்டுப்போன இன்சுலின் பன்னிரண்டு குப்பி எங்களிடம் இருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டதால், குப்பிகளை மூடி போட்ட டின்னில் வைத்துக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டிருந்தோம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை டின்னை இழுத்து எடுப்பது என் வேலை.

அப்போதுதான் அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினாறு வயது. எலும்பும் தோலுமாக இருந்தாள். தண்ணீர் தண்ணீர் என்று வாய் ஓயவில்லை. மூச்சில் அழுகிய பழ வாசனை. அவள் அம்மா காத்தாயி பால்வெட்டுக்காரி. மகளை ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்று இரண்டு வாரம் மந்திரித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். டிரெசர் ஐயா குழாயைக் கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டு இன்சுலின் எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். இன்சுலின் போட்டு மூன்றாம் நாள் அஞ்சலை எழுந்து உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் தலை பின்னிவிடச் சொன்னாள். நாகம்மாக்காவுக்கு நேர் எதிர்க் கட்டில்.

அந்த வாரம் ஒரு நாள் ஐயா என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ரெண்டு பேருக்கும் போட்டா ரெண்டு மாதம்கூட வராது. நாகம்மாவுக்கு வந்திருக்கிறது நடு வயதில வாற நோய். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினா ஊசியில்லாமலும் இழுத்துப் பிடிக்கலாம். அந்தப் பெட்டை அஞ்சலைக்கு ஊசி நிண்டா ஒரு கிழமை, ஏழு நாள்தான்."

எனக்குப் புரிந்தது.

"நாகம்மாவுக்குக் காய்ச்சின உப்புத் தண்ணியைப் போடு. இன்சுலின் எண்டே சொல்லு."

"சொல்லிட்டே நிறுத்தலாமேயா?"

"மனுசி குடுக்கமாட்டன் எண்டு சொன்னா நான் என்ன செய்யிறது?" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் காலை நான் இரண்டு எட்டு தள்ளி நின்று பெயர் சொன்னேன். இடது பக்கம் நிற்கிறேன் என்றேன். "கையில இன்சுலின் ஊசிக்கா, இடது தொடையில போடப்போறேன்" என்றேன். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த ஒழுங்குப்படியே செய்தேன். ஒரு வார்த்தைதான் பொய். ஆனால் அது ஒரு வார்த்தையோடு நிற்கவில்லை. ஊசி நின்றால் குழாய் செங்கல் நிறம் காட்டும். அதைச் சொன்னால் ஊசி போட்டும் ஏன் என்று கேட்பாள். அதனால் நிறத்தையும் மாற்றிச் சொன்னேன். கையில் செங்கல் நிறக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "வாழைக்குருத்துப் பச்சைக்கா" என்றேன்.

நாலாம் நாள் ஊசி போட்டு முடித்ததும் அவள் தொடையைத் தடவிய விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"மிஸ்ஸி, உக்காரு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த மருந்துக்கு ஒரு வாடை உண்டு. ஊசி எடுக்கிறப்ப ஒரு சொட்டு வழியும், வாடை அடிக்கும். நாலு நாளா அது இல்ல. தாகம் தொண்டைய இழுக்குது. ராவெல்லாம் ஒண்ணுக்கு நடையா நடக்கிறேன். நீ பச்சைங்கிற. நீயா சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்க் கட்டிலைக் காட்டப் போய்க் கையை மடக்கிக்கொண்டு, "உங்க கால்மாட்டுக்கு நேரா, ஆறு எட்டு தள்ளி இருக்கிற கட்டில்ல ஒரு பொண்ணு" என்றேன்.

"டிரெசரக் கூப்புடு."

அவர் வந்தார். பெயரைச் சொன்னார், நிற்கும் பக்கத்தைச் சொன்னார். "பிழை என்னுடையது. பிள்ளையில பிழை இல்லை" என்றார்.

"கேட்டிருந்தா குடுக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

"ஓம். நினைச்சன்."

நாகம்மாக்கா அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நெசமாவே மாட்டேன்னுகூட சொல்லியிருப்பேன். எனக்கும் உசுருதானே? ஆனா கேட்டிருக்கணும். கண்ணு இல்லாதவளுக்கு நீங்க சொல்றதுதான் உலகம். அதுல போயி கலப்படம் பண்ணினீங்களே." குரல் கூடமெங்கும் கேட்டது. "இப்பவாச்சும் கேளுங்க."

வெள்ளைக் காற்சட்டை போட்ட அந்த மனிதர் ஒரு பால்வெட்டுக் குடும்பத்துப் பெண்ணின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "நாகம்மா, உங்கட மருந்தை அந்தப் பெட்டைக்குக் குடுக்கலாமோ?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

அன்று முழுதும் அவள் எதிர்க் கட்டில் பக்கம் காதைத் திருப்பியபடியே இருந்தாள். அஞ்சலை அம்மாவோடு கிசுகிசுப்பதையும், பின்னல் சரியில்லை என்று சிணுங்குவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை நான் பெயர் சொல்வதற்குள்ளேயே, "குடுத்துரு. ஆனா நிறத்த மட்டும் இனிமே மாத்திச் சொல்லாதே" என்றாள்.

நான் மாற்றவில்லை. செங்கல் என்றால் செங்கல் என்றேன். அவள் கிழங்கை அடியோடு விட்டாள். கீரையும், பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து மலாய்க்காரர் ஒருவர் கொண்டுவரும் ஆற்று மீனும்தான் சாப்பாடு. மெலிந்து பாதியானாள். ஆனால் இரண்டு மாதத்தில் குழாய் பலாச்சுளைக்கு இறங்கியது, சில நாள் பசலைக்கீரைக்கும். அந்தக் காலைகளில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெளிச்சத்தில் ஒண்ணாம் நம்பர் தாளைப் பிடித்தவள் மாதிரி தாடையை நிமிர்த்திக்கொள்வாள்.

நாலு மாதம் கழித்துக் கடைசிக் குப்பியும் தீர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து நாகம்மாக்காவின் வலது காலில் ஆபத்து வந்தது. அடுப்பங்கரைக்கு அருகில் நடந்தபோது கொள்ளிக்கட்டையை மிதித்திருக்கிறாள். சுட்டது தெரியவேயில்லை. இனிப்புநீர் காலின் உணர்ச்சியையும் தின்றிருந்தது. காலைத் தினமும் பார்க்க வேண்டிய நான் அடுத்த இரண்டு நாளும் மருந்தின்றிச் சாய்ந்துவிட்ட அஞ்சலையோடேயே இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தபோது இரண்டாவது விரல் கறுத்திருந்தது. மறுநாள் அந்த விரலை எடுத்துவிடுவது என்று ஐயா முடிவு செய்தார்.

அன்று மத்தியானம் அஞ்சலை போய்விட்டாள். காத்தாயி சத்தம் போட்டு அழவில்லை. மகளைத் துணியில் சுற்றி, தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரோடு தானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நாளைக்குக் கத்தி வைக்கப்போறம். முடியும் வரைக்கும் நாகம்மாவுக்குச் சொல்லாதே. மனுசி உடைஞ்சுபோகும்" என்றார் ஐயா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் தலையாட்டினேன்.

மாலையில் நாகம்மாக்காவின் காலைக் கழுவப் போனேன். "எதிர்க் கட்டில்ல சத்தமே இல்லையே மிஸ்ஸி?" என்றாள்.

தூங்குகிறாள் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். கையில் ஈரத்துணியோடு நின்றேன்.

"அஞ்சலை இல்லக்கா. மத்தியானம் போயிட்டா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கால் கழுவி முடித்தேன். கடைசியில், "நாலு மாசம் இருந்தாளா?" என்றாள். "இருந்தாக்கா." "தல பின்னிக்கிட்டா. சிரிச்சா. கேட்டேன்" என்றாள். நாகம்மாக்காவிடம் சொல்லிவிட்டதை ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். திட்டவில்லை.

மயக்க மருந்து குப்பியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. நாகம்மாக்கா வேண்டாம் என்றாள். "காலுதான் மரத்துக் கெடக்கே. பிரசவக்காரிக்கு வைங்க. மிஸ்ஸி பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா சொல்லட்டும்."

தலைமாட்டில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஐயா கை கழுவுறாரு. கத்திய வெந்நீர்லேருந்து எடுக்கிறாரு. கணுக்காலுக்கு மேல கயிறு கட்டுறாரு, இறுக்கம் தெரியும். இப்ப கத்தி, ரெண்டாவது விரலோட அடியில. தோல் திறந்திருக்கு. எலும்புகிட்டப் போயிட்டாரு, ஒரு சத்தம் கேக்கும், பயப்படாதீங்க. விரல் வந்துருச்சு. கயிறத் தளத்துறாரு.

"ரத்தம் வருதா?"

"வருதுக்கா. நல்ல சிவப்பு. செம்பருத்திச் சிவப்பு."

கறுப்பு நின்றுவிட்டது, மிச்சக் கால் பிழைக்கும் என்பது அவளுக்கும் தெரிந்தது. அதற்கப்புறம்தான் அழுதாள். விரலுக்காக அழவில்லை. "அந்தப் பொண்ணு மூஞ்சி எப்படி இருக்கும் மிஸ்ஸி? நான் கேக்கவே இல்லையே" என்று அழுதாள். நான் தெரிந்த வரையில் சொன்னேன். அகல நெற்றி. இடது புருவத்தில் தழும்பு. மேல்பல் கொஞ்சம் எடுப்பு.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காத்தாயி வந்தாள். என்னைக் கண்டுகொள்ளாமல் நேரே நாகம்மாக்கா கட்டிலுக்குப் போனாள்.

"நான் காத்தாயி. அஞ்சலையோட அம்மா. மருந்து சமாச்சாரம் எனக்குத் தெரியும். அன்னைக்கு நீ போட்ட சத்தத்துல அவளுக்கு எல்லாம் கேட்டுருச்சு. கேட்ட அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா."

நாங்கள் மூன்று பேரும் நாலு மாதமாக அஞ்சலைக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

"புண்ணு ஆறினதும் எங்கூட வந்துரு" என்றாள் காத்தாயி.

"பரிதாபமா?" என்றாள் நாகம்மாக்கா.

"மண்ணாங்கட்டி. பால்வெட்டு முடிஞ்சி வீட்டுக்குப் போனா செவுத்தப் பார்த்து உக்காந்திருக்கேன். ஏசுறதுக்குக்கூட ஆளு இல்ல."

ஒரு மாதத்தில் நாகம்மாக்கா காத்தாயியின் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், மருந்தும் வந்தது. நாகம்மாக்காவின் புருஷன் வரவில்லை. சிவலிங்கம் ஐயா சில வருஷத்தில் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். போகும் வரை என்னிடம் மறுபடி ஒரு பொய்யும் சொல்லச் சொன்னதில்லை. நான் படிப்பை முடித்து அதே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாரா வாரம் லயத்துக்குச் சைக்கிளில் போய் நாகம்மாக்காவைப் பார்ப்பேன். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே இரண்டு பேரின் சண்டையும் காதில் விழும். மீனில் உப்பு அதிகம், நேற்று கோழியை யார் அடைக்கவில்லை, இப்படி ஏதாவது.

ஒரு நாள் போனபோது நாகம்மாக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். காத்தாயி அவள் காலை மடியில் தூக்கி வைத்து, விரல் இடுக்கெல்லாம் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை.

"என்னடி, இருக்கா இல்லையா புண்ணு? வாயத் தொறந்து சொல்லு" என்று அதட்டினாள் நாகம்மாக்கா.

"உங் காலு நல்லாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்ல. அதுக்கு மருந்து இருந்தா மிஸ்ஸிகிட்டக் கேளு" என்றாள் காத்தாயி.

இரண்டு பேரும் ஒன்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் ரேஷன் அட்டை கொடுத்தபோது அவர்கள் அட்டையை வாங்கிப் பார்த்தேன். உறவு என்று இருந்த இடத்தில் அக்கா, தங்கை என்று எழுதியிருந்தது. யார் எழுதச் சொன்னது என்று இரண்டு பேரிடமும் நான் கேட்கவில்லை.